உள்ளங்கைச் சீனி

எங்கள் வீட்டில் யாரும் தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில்லை. இதை நான் எந்தக் கோயில் வாசலிலும் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்வேன். வெறும் தேயிலைச் சாயத்தைக் கோப்பையில் ஊற்றி வலது கையில் பிடித்துக்கொள்வோம். இடது கையைக் குழித்து அதில் ஒரு கரண்டி சீனி. ஒரு நக்கு, ஒரு மிடறு. சாயம் மிச்சமிருக்கச் சீனி தீர்ந்துவிட்டால் இன்னும் கொஞ்சம் கொட்டிக்கொள்வோம். சீனி மிச்சமிருக்கச் சாயம் தீர்ந்துவிட்டால் இன்னும் அரைக் கோப்பை ஊற்றிக்கொள்வோம். இரண்டும் ஒன்றாகத் தீர்ந்த நாளை நான் பார்த்ததில்லை.

யட்டியாந்தோட்டையில் பஸ் ஏறி, இறங்கி, அதற்கு மேல் மூச்சு வாங்க நடந்தால் எங்கள் தோட்டம். பாதி தேயிலை, பாதி ரப்பர். அம்மா ரப்பரில் பால் வெட்டினாள். விடிவதற்கு முன் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு மலைக்குப் போவாள். போவதற்கு முன் அடுப்படியில் நின்றபடியே அந்த நக்கும் மிடறும். அப்போது அவளிடம் யாரும் பேசக்கூடாது. நான் ஒரு தடவை பென்சில் வேண்டும் என்று கேட்டேன். பென்சிலுக்குப் பதிலாகக் கோப்பை பறந்து வந்தது.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். அம்மா விஷயத்தில் அது பொய். அவளுடைய கைகள் வேலையைப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தன. வலது கை வெட்டுவதற்கும் அடிப்பதற்கும். இடது கை சீனிக்கு. அணைப்பதற்கென்று மூன்றாவதாக ஒரு கை அவளிடம் இருக்கவில்லை.

அப்பா கசிப்பு குடித்தே போய்ச்சேர்ந்தார். இருந்தவரை அவர் அவளை அடித்தார், போன பிறகு அவள் என்னை அடித்தாள். லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய காம்பரா வரிசையில், இது ஒன்றும் புதினமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் விழும் சத்தத்தை வைத்தே யார் யாரை எதால் அடிக்கிறார்கள் என்று சொல்லிவிடுவோம். விளக்குமாறா, பெல்ட்டா, வெறுங்கையா என்று பிள்ளைகள் பந்தயம் கட்டுவோம்.

எனக்கு ஏழு வயதிருக்கும். மழைக்கு ரோட்டில் மண் சரிந்து கடைக்குச் சாமான் வராத வாரம். பழைய பால்மா டின்னில் அடியில் கொஞ்சம் சீனி கிடந்தது. அம்மா மலைக்குப் போன பிறகு விறகின்மேல் ஏறி நின்று அதை எடுத்தேன். ஒரு கைதான் என்று தொடங்கி டின்னின் அடியை விரலால் துடைத்து நக்குகிறவரை போனேன். அம்மா வந்தாள், டின்னைத் திறந்தாள். சீனிக் கரண்டியை எடுத்து அடுப்புத் தணலுக்குள் செருகிவிட்டு, கால் முகம் கழுவப் போனாள். அவள் திரும்பி வரும்வரை நான் அந்தக் கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஓட வேண்டும் என்று தோன்றாமல் போனது ஏன் என்று இன்றும் தெரியவில்லை. என் இடது முழங்கையின் உள்பக்கத்தில் அந்தக் கரண்டி முனையின் அடையாளம் இருக்கிறது. மறுநாள் அவள் வெறும் சாயத்தைக் குடித்துவிட்டு மலைக்குப் போனாள்.

இதையெல்லாம் அவளைத் திட்டுவதற்காக எழுதவில்லை. திட்ட வேண்டியதை நேரிலேயே திட்டியிருக்கிறேன். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. என் கோபம் எங்கிருந்து வந்தது என்று யாரும் தேடித் திரியத் தேவையில்லை.

எனக்குக் கல்யாணமாகி, அது சரிவராமல் போய், மறுபடி அம்மாவோடு வந்து சேர்ந்திருந்த காலத்தில் அவளுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என்று தெரிந்தது. நான் அப்போது தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அம்மாமார் மலைக்குப் போகும்போது விட்டுச் செல்கிற கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. சூப்பிப் போத்தலில் சீனிச் சாயம் ஊற்றிக்கொண்டு வருகிற தாய்மாரைப் பிடித்து ஏசுவதும் என் வேலைதான். பல்லெல்லாம் கறுத்துப் போகும், இந்த வயதிலேயே நாக்குப் பழகினால் பிறகு விடாது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பிப்பேன். ஒப்பித்துவிட்டு வீட்டுக்கு வந்து இடது கையைக் குழிப்பேன். ஊருக்குத்தான் உபதேசம்.

மாதத்துக்கு ஒரு தடவை அம்மாவை டவுன் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அங்கே இருந்த நர்ஸ் மிஸ் சிங்களவர். வாய் கொஞ்சம் பெரிது, மனசு நல்லது. முதல் நாளே தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி போடுகிறீர்கள் என்று அம்மாவைக் கேட்டார். அம்மாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு.

"தே எக்கட்ட சீனி தான்னெ நே மிஸ்."

தேத்தண்ணிக்குச் சீனி போடுவதே இல்லை என்றாள். முகத்தில் கள்ளம் இல்லை. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அது பொய்யாகத் தோன்றவில்லை. கோப்பையில் விழாத சீனியை யாராவது கணக்கில் எடுப்பார்களா? மிஸ் சந்தோஷமாகக் கொப்பியில் எழுதிக்கொண்டார். பெஞ்சில் இருந்த மற்றவர்களைப் பார்த்து, இந்த அம்மாவைப் பார்த்துப் படியுங்கள் என்றும் சொன்னார்.

ஆனால் இரத்தத்தில் சீனி ஏறிக்கொண்டே போனது. மிஸ்ஸுக்குப் புரியவில்லை. சோற்றைக் குறைக்கச் சொன்னார். அம்மா குறைத்தாள். ரொட்டியைக் குறைக்கச் சொன்னார். அதையும் குறைத்தாள். ஒரு குளிசை இரண்டானது. பிறகு வேறு குளிசை. கடைசியில் ஊசி. ஒவ்வொரு தடவையும் சீனி போடுவதில்லையே என்று மிஸ் கேட்பார், இல்லை என்று அம்மா சொல்வாள், ஊசி மருந்தின் அளவு ஏறும். ஒரு தடவையாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். லயத்துப் பழக்கத்தைக் கிளினிக்கில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது என்பதும் உண்மைதான்.

ஊசி மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். எங்களிடம் ஃபிரிட்ஜ் இல்லை. பக்கத்துக் காம்பரா அக்கா வீட்டில் இருந்தது. அவருடைய புருஷனும் ஊசி போடுகிறவர்தான். இரண்டு பேருடைய மருந்தும் ஒரே ஐஸ்கிரீம் பெட்டிக்குள், ஜிஞ்சர் பியர் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கும். தினமும் காலையில் நான் போய் எடுத்து வந்து அம்மாவின் வயிற்றில் குத்துவேன். மெதுவாகக் குத்தத் தெரியாதா என்று ஏசுவாள். உங்களுக்கெல்லாம் மெதுவாகக் குத்தினால் ஏறாது என்று நானும் ஏசுவேன்.

அப்படியே ஓடியிருக்கும், கால் விஷயம் மட்டும் இல்லாவிட்டால்.

ஒரு நாள் பகல் அம்மா மலையிலிருந்து வந்து அடுப்படியில் நின்று என்னைச் சத்தம் போட்டாள்.

"என்னத்தடி தரையில ஊத்தி வச்சிருக்க?"

நான் எட்டிப் பார்த்தேன். வாசலிலிருந்து அடுப்படி வரை சிமெந்துத் தரையில் சிவப்பாகக் கால் அடையாளம். அவளுடைய கால் அடையாளம். செருப்பைத் துளைத்துக்கொண்டு கம்பித் துண்டு ஒன்று பாதத்துக்குள் ஏறியிருந்தது. எந்த மரத்தடியில் ஏறியதோ, அதோடு மலை முழுக்க நடந்து, பாலைச் சேர்த்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். நான் கம்பியைப் பிடுங்கியபோதும் அவள் முகம் சுளிக்கவில்லை. காலில் உணர்ச்சி போய் எத்தனை மாதமாகிறது என்று அவளுக்கே தெரியாது. அட்டை கடிப்பது இப்போதெல்லாம் தெரிவதில்லை, அது நல்லதுதானே என்று நினைத்தேன் என்றாள்.

புண் ஆறவில்லை. விரல் ஒன்று கறுத்தது. பெரியாஸ்பத்திரியில் அதை வெட்டி எடுத்தார்கள். வெட்டிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சீனி இறங்காவிட்டால் புண் மேலே ஏறும், அடுத்த தடவை விரல் இல்லை என்று சொல்லி, தன் முழங்காலுக்குக் கீழே கையை வைத்து அறுத்துக் காட்டினார். மரக்கறி வெட்டுகிறவரைப் போல அவ்வளவு சாதாரணமாகக் காட்டினார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அவளுடைய கால் போனால் எனக்கு என்ன மிச்சம் என்று நினைத்தேன். என்னை அடித்தாலும் உதைத்தாலும் அந்தக் கால்தான் என்னைப் பசியில்லாமல் வளர்த்தது. அதை ஒரு பிடி சீனிக்கு நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று முடிவு செய்தேன். வீட்டுக்கு வந்ததும் பால்மா டின்னை எடுத்துப் போய்ச் சாக்கடைக் கானுக்குள் கவிழ்த்தேன். அம்மா பின்னால் நின்று, நான் வாழ்க்கையில் கேட்காத வார்த்தைகளையெல்லாம் சொன்னாள்.

அதிலிருந்து எங்கள் வீடு யுத்த களம்தான். நான் முதலில் நல்ல வழியில் முயன்றேன் என்றும் எழுத வேண்டும். சீனிதான் கெடுதல், கித்துல் கருப்பட்டிக்கு ஒன்றும் செய்யாது, அது மரம் தருகிற சாமான் என்று லயத்தில் ஒரு கதை உண்டு. நானும் நம்பி ஒரு மாதம் கருப்பட்டித் துண்டு கொடுத்தேன். அடுத்த கிளினிக்கில் இரத்தத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் மேசையில் அடித்தார். பிறகு பார்மசியில் சீனிக்குப் பதிலாகப் போடுகிற பொட்டு மாதிரிக் குளிசை வாங்கி வந்தேன். அதை எங்கே போடுவது? கோப்பைக்குள் போட்டால் அவள் தொட மாட்டாள். ஆகவே இரண்டு குளிசையை அவளுடைய உள்ளங்கையில் வைத்தேன். இது எலிக்கு வைக்கிறதா என்று கேட்டுவிட்டு நக்கினாள். நக்கியதை என் முகத்தில் துப்பினாள்.

அதன் பிறகு சீனியை ஒளித்து வைக்கத் தொடங்கினாள். தலையணைக்குள், குடைக்குள், சாமிப் படத்துக்குப் பின்னால். எனக்கு எறும்புதான் ஒற்றன். காலையில் எழுந்ததும் எறும்பு வரிசை எங்கே போகிறது என்று பார்ப்பேன். அதன் முடிவில் ஒரு சீனிப் பொட்டலம் இருக்கும். அதை எடுத்து அவள் கண் முன்னாலேயே கொட்டுவேன். ஒரு நாள் என் மயிரைப் பிடித்துச் சுவரில் மோதினாள். இன்னொரு நாள் அவளுடைய பையைப் பிடுங்கும்போது நான் தள்ளியதில் கதவு நிலையில் இடித்துக்கொண்டாள். லயத்துப் பிள்ளைகள் எங்கள் சுவரைக் கேட்டுப் பந்தயம் கட்டியிருப்பார்கள்.

எனக்கென்று ஒரு பொட்டலம் பிள்ளைக் காம்பராவுக்குப் போகும் பைக்குள் இருந்தது. அதையும் எழுதாவிட்டால் இது முழுப் பொய்யாகிவிடும். அவளுக்கு விஷம், எனக்கில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எறும்பு எங்கேயும் போகாத நாள். திருந்திவிட்டாள் என்று நினைத்தபடி தண்ணீர் பிடிக்க லயத்துப் பின்பக்கம் பீலிக்குப் போனேன். உடுப்புத் துவைக்கிற கல்லில் அம்மா உட்கார்ந்திருந்தாள். துணி சுற்றிய காலை நீட்டி வைத்திருந்தாள். வலது கையில் கோப்பை. இடது கையில் சீனி குவிந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு நக்கினாள். அவளுடைய முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த நிம்மதிதான் என்னை வெறி கொள்ள வைத்தது. எனக்கு அந்த முகத்தை அவள் ஒரு நாளும் காட்டியதில்லை.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. பக்கத்தில் ரப்பர் விறகு அடுக்கியிருந்தது. கைக்கு வந்ததை உருவினேன். அம்மா என்று கூப்பிடவில்லை. கோப்பையைத் தட்டியிருக்கலாம், கையைத் தட்டிவிட்டிருக்கலாம். நான் விறகை ஓங்கி அந்த உள்ளங்கையில் இறக்கினேன். ஈரக் குச்சியை முறிப்பது போல் ஒரு சத்தம் கேட்டது. சீனி ஈரக் கல்லில் சிதறி உடனே கரைந்தது. அவள் கத்தவில்லை. கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் முழங்கையைப் பார்த்தாள்.

"ஒனக்குச் சூடு வச்சது இந்தக் கையில்ல புள்ள. அது மத்தக் கை."

கோப்பையில் மிச்சமிருந்த சாயத்தை வெறுமனே குடித்து முடித்தாள்.

சுண்டு விரலும் மோதிர விரலும் மத்தியானத்துக்குள் வீங்கி நீலமாகின. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். என்ன நடந்தது என்று கேட்டால் நீ என்னவென்று சொல்வாய் என்று கேட்டாள். நான் மறுபடி வற்புறுத்தவில்லை. மூங்கில் பத்தை வைத்துச் சீலைத் துணியால் கட்டிவிட்டேன். அவள் போக மறுத்ததில் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதிக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் சீனியைத் தொடவில்லை. தொட முடியவில்லை. வலியில் சோறும் இறங்கவில்லை. இரண்டு வாய் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும் கால் தப்பும் என்ற சந்தோஷம் இன்னொரு பக்கம் இருந்தது. காலையில் பக்கத்து வீட்டுக்குப் போய் ஊசி மருந்தை எடுத்து வந்து, கொப்பியில் எழுதியபடியே முழு அளவையும் குத்தினேன். ஒரு சொட்டுக் குறைக்கவில்லை.

நாலாம் நாள் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். பத்து மணி இருக்கும். அம்மா திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் வியர்த்துச் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. சீனி எங்கே என்று கேட்டாள். இல்லை என்றேன். என்னை யாரோ அந்நியப் பெண்ணைப் பார்ப்பது போல் பார்த்தாள். பிறகு ஏசத் தொடங்கினாள். செத்துப்போன அப்பாவை, என்னை, தோட்டத்துத் தொரையை, சாமியை. கேத்தலை எடுத்து எறிந்தாள், என் தலைக்கு மேலே சுவரில் பட்டு நசுங்கியது. பிடிக்கப் போனபோது என் கையைக் கடித்தாள். சதைக்குள் பல் இறங்கியது. விடவில்லை. நான் மற்றக் கையால் அவளை அறைந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. அப்போதுதான் விட்டாள்.

கள்ளுக்குப் பழகியவன் கள் கிடைக்காவிட்டால் இப்படித்தான் ஆடுவான். அப்பா ஆடியிருக்கிறார், நான் பார்த்திருக்கிறேன். இதுவும் அதுதான் என்று நினைத்தேன். இந்த வெறி இறங்கும்வரை இவளை அடக்கி வைத்தால் இனி ஒரு நாளும் கேட்க மாட்டாள் என்று நினைத்தேன். கக்கத்தில் கையைக் கொடுத்து இழுத்துக்கொண்டு போய் உள் காம்பராவுக்குள் தள்ளி வெளியே கொண்டி போட்டேன். அவள் கதவை உதைத்தாள். எந்தக் காலைக் காப்பாற்ற நான் இவ்வளவும் செய்தேனோ, அந்தக் காலால் உதைத்தாள். கொஞ்ச நேரம் உதைத்தாள், பிறகு சுரண்டினாள், பிறகு சத்தம் நின்றது.

கடித்த இடத்தைக் கழுவினேன். நசுங்கிய கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்துச் சாயம் ஊற்றினேன். பைக்குள் இருந்த பொட்டலத்தை எடுத்து இடது கையில் கொட்டிக்கொண்டேன். வாசல் படியில் உட்கார்ந்து ஒரு நக்கு, ஒரு மிடறு. பூட்டிய கதவு என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. உள்ளே அமைதியாக இருப்பது எனக்கு நல்லதாகப் பட்டது.

பக்கத்துக் காம்பரா அக்கா அந்த வழியாக வந்தார். ஏன் இவ்வளவு நேரம் சத்தம், இப்போது ஏன் சத்தமே இல்லை என்று கேட்டார். சீனி கேட்டு அடம், போட்டுப் பூட்டியிருக்கிறேன் என்றேன். வியர்த்ததா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கை நடுங்கியதா? ஆமாம். ஆளை மாறிப் பார்த்தாளா? ஆமாம். காலையில் ஊசி போட்டாயா? முழு ஊசி. சாப்பிட்டாளா? இல்லை.

"அடிப்பாவி. சீனி எறங்கிருச்சுடி. தொறடி கதவ."

அவருடைய புருஷனுக்கு இரண்டு தடவை அப்படி நடந்திருந்தது. எனக்கு அப்போதுதான் அந்த வார்த்தையே முதல் தடவையாகக் காதில் விழுந்தது. சீனி ஏறும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். இறங்கும், இறங்கினால் ஆள் போய்விடும் என்று தெரியாது. கொண்டியைத் தூக்கினேன். கதவு திறக்கவில்லை. அம்மா அதற்குப் பின்னால்தான் விழுந்து கிடந்தாள். இரண்டு பேரும் தள்ளித் திறந்தோம். கண் மேலே செருகியிருந்தது, பல் கிட்டியிருந்தது, சேலை நனைந்திருந்தது. உடம்பு ஐஸ்.

சீனி எங்கே என்று அக்கா கத்தினார். நான் என் இடது கையை நீட்டினேன். பாதி நக்கிய சீனி, என் எச்சிலோடு அதில் இருந்தது. அதை விரலால் வழித்து அம்மாவின் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே தேய்த்தேன். தீரத் தீரப் பொட்டலத்திலிருந்து எடுத்துத் தேய்த்தேன். நாலு நாளாக அவளிடமிருந்து பிடுங்கியதையெல்லாம் அந்த வாய்க்குள் திரும்ப வைத்துவிடலாம் என்பது போல் தேய்த்தேன். அக்கா ஆட்டோவுக்கு ஓடினார்.

ஆஸ்பத்திரியில் கையில் குத்திச் சீனித் தண்ணீர் ஏற்றினார்கள். பின்னேரம் அம்மா கண் விழித்தாள். என்னைத் தெரிந்துகொள்ள ஒரு நிமிஷம் எடுத்தது. முதலில் கேட்டது இதுதான்:

"காலு இருக்கா?"

இருக்கிறது என்றேன். போர்வையை விலக்கிக் காட்டினேன். அப்போதுதான் அழுதேன், வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதேன்.

வார்டு டாக்டர் சின்ன வயதுக்காரர். இந்த நாலு நாளில் என்ன மாறியது என்று சிங்களத்தில் கேட்டார். உள்ளங்கைக் கதையைச் சொன்னேன். வெட்கமெல்லாம் போயிருந்தது, கையைக் குழித்து, நக்கிக் காட்டினேன். அவர் அம்மாவின் கிளினிக் கொப்பியை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். சீனியே தின்னாதவருக்கு இவ்வளவு ஏறுகிறதே என்று ஊசி மருந்தைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். உண்மையில் அது நாள் முழுக்கச் சீனி நக்குகிறவளுக்குச் சரியான அளவு. நக்குவது நின்ற அன்றிலிருந்து அதே அளவு அவளைக் கொல்லத் தொடங்கியிருக்கிறது. குத்தியது நான்.

அவர் இன்னொன்றும் சொன்னார். சீனி அதிகம் இறங்கினால் மூளைக்குச் சாப்பாடு இல்லை, அப்போது அடிப்பார்கள், கடிப்பார்கள், எறிவார்கள், அது அவர்களாகச் செய்வதில்லை, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். என் கையில் கட்டுப் போட்டிருந்த பல் அடையாளத்தைப் பார்த்து ஆறுதலாகத்தான் சொன்னார். நான் தலையாட்டினேன். பீலியில் விறகை ஓங்கியபோது எனக்குச் சீனி சரியாகத்தான் இருந்தது.

கைக்குப் படம் எடுத்தார்கள். இரண்டு விரல் எலும்பும் முறிந்து விலகியிருந்தன, கட்டுப் போட்டாலும் இனி சரியாக மடங்காது என்றார்கள். எப்படி நடந்தது என்று டாக்டர் கேட்டார். லயத்துப் படியில் வழுக்கி விழுந்தேன் என்றாள் அம்மா. எப்போது என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றாள். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். படியில் விழுந்தது என்றே கொப்பியில் எழுதினார்.

மருந்தைப் பாதிக்கும் மேல் குறைத்து எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தோம். நான் இப்போது சீனிப் பொட்டலத்தை ஒளிப்பதில்லை. சீனி இறங்கினால் கொடுப்பதற்கென்று ஒரு போத்தலில் அடுப்படித் தட்டிலேயே இருக்கிறது. டாக்டரே வைத்திருக்கச் சொன்னார்.

கைக்கட்டை அவிழ்த்த சில நாளில், ஒரு காலை, கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அம்மா சாயம் ஊற்றினாள். போத்தலைத் திறந்து ஒரு கரண்டி எடுத்து இடது கையில் கொட்டினாள். அந்த இரண்டு விரலும் இப்போது மடங்குவதில்லை. கை குழியவில்லை. சீனி விரலிடுக்கு வழியாகத் தரையில் ஓடியது. இன்னும் ஒரு கரண்டி கொட்டினாள், அதுவும் ஓடியது. கோப்பையை இடது கைக்கு மாற்றிப் பார்த்தாள், பிடி நிற்கவில்லை, சாயம் சேலையில் சிந்தியது. கோப்பைக்குள் ஒரு கரண்டியைப் போட்டுக் கலக்கிவிட அவளுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? அவள் அதைச் செய்யவில்லை. அது அவளுக்குத் தேத்தண்ணியே இல்லை. போத்தலை மூடி வைத்துவிட்டு வெறும் சாயத்தைக் குடித்தாள். அதன் பிறகு போத்தலைத் தொடவில்லை. எறும்பும் வரவில்லை.

புண் மெதுவாகக் காய்ந்தது. இன்றைக்குக் காலில் ஒரு விரல்தான் இல்லை, மற்றதெல்லாம் இருக்கிறது.

போன மாதம் கிளினிக்குக்குப் போனோம். நர்ஸ் மிஸ்ஸுக்கு உள்ளங்கைக் கதை எப்போதோ தெரிந்துவிட்டது. அதைக் கேட்ட அன்று அவர் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டிலும் இப்படித்தானே, எனக்கு எப்படிக் கேட்கத் தோன்றாமல் போனது என்று தலையில் அடித்துக்கொண்டார். இந்தத் தடவை இரத்தத்தின் கணக்கைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். இத்தனை வருஷப் பழக்கத்தை எப்படி நிறுத்தினீர்கள், இவர்களுக்கும் சொல்லுங்கள் என்று பெஞ்சைக் காட்டி அம்மாவைக் கேட்டார். எல்லோரும் திரும்பினார்கள். அம்மா இடது கையைச் சேலை மடிப்புக்குள் வைத்திருந்தாள். வலது கையால் என்னைக் காட்டினாள்.

"துவ நெவெத்துவா மிஸ்."

மகள்தான் நிறுத்தினாள் என்றாள். அதைக் குத்தலாகச் சொன்னாளா, பெருமையாகச் சொன்னாளா என்று அவள் முகத்தைப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. பெஞ்சில் ஒரு கிழவர் கை தட்டினார். மிஸ் வந்து என் தோளில் தட்டிக் கொடுத்து, இப்படி ஒரு பிள்ளை எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்றார். அம்மா ஆமாம் என்று தலையாட்டினாள்.